மூலையில் மஞ்சள்

மணிக்கட்டுக்கு மேல் கை போகவில்லை. சிவப்புத் தபால்பெட்டியின் வாய் அவ்வளவுதான். விரல்களை நீட்டித் துழாவினாள். உள்ளே சூடான காற்று மட்டும் தட்டுப்பட்டது. கோழிக்கடை வாசலில் நின்ற கிழவர் ஒருவர் அவளையே பார்த்தபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

ரஞ்சினி கையை இழுத்தாள். தோல் உரசிச் சிவந்திருந்தது. மோதிரவிரல் நுனி மட்டும் மஞ்சள்.

அந்த மஞ்சளால் வந்த வினை. உறையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தலையில் விழுந்த ஜக்கரண்டாப் பூவைத் தட்டிவிடக் கையைத் தூக்கியபோதுதான் கண்டாள். நவம்பர் மாதம். குவேக்கர்ஸ் ஹில் தெருவெல்லாம் ஊதாவாகக் கிடந்தது. அதற்கு நடுவில் அந்த விரல்.

அவள் கையால் செய்யும் வாழ்த்து அட்டை ஒவ்வொன்றும் வீட்டைவிட்டுப் போகுமுன் நான்கு மூலையிலும் மஞ்சள் வாங்கும். கல்யாணக் கடிதத்துக்கும் புதுச் சட்டைக்கும் தொடுவதுபோல. குழைத்த மஞ்சள் ஒரு போத்தல் மூடியில் தூரிகைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். சந்தையில் அட்டை வாங்கும் வெள்ளைக்காரப் பெண்கள் அதை அவளுடைய கையொப்பம் என்று நினைத்தார்கள். அவளும் மறுத்ததில்லை. பதினொரு வருடத்தில் அது கையின் வேலையாகிவிட்டது. அறையைவிட்டு வெளியேறும்போது லைட்டை அணைப்பதுபோல.

இன்று போட்டது வாழ்த்து அட்டை அல்ல. பதினொரு நாளைக்கு முன் விமலாவின் கணவர் நாகராஜன் இறந்துபோனார். அது விமலாவுக்கு அனுப்பிய துக்க அட்டை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, மூன்று வருடமாகப் பேசாத சிநேகிதி மஞ்சள் தொட்டு அனுப்பியிருக்கிறாள். வேண்டுமென்று செய்ததாகத்தான் எவரும் எடுப்பார்கள். விமலா கட்டாயம் எடுப்பாள். அத்தோடு எல்லாம் முடிந்தது.

கணவனுக்குப் போன் எடுத்தாள்.

"என்னப்பா, போஸ்ட் பெட்டியை எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"அதிலையே எழுதிக் கிடக்குமே. ஏன்?"

சொன்னாள். சிறிதரன், "பெட்டியை உடைக்கிறதெண்டால் நல்ல சீலை ஒண்டு உடுத்திக்கொண்டு உடையும். பேப்பரிலை படம் வரும்" என்றான்.

"பகிடி விடாதையுங்கோ."

"பின்னை என்ன, நான் வந்து கையை விடட்டோ? என்ர கை உம்மடையை விடப் பெரிசு."

ஆறு மணி என்று எழுதியிருந்தது. இன்னும் ஐம்பது நிமிடம். பெட்டிக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் வைப்பது அவள் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டுவரை கத்தி, கத்தரிக்கோல், கொக்கி. எல்லாம் மின்னும். எதுவும் மென்மை இல்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி மேசையில் உட்கார்ந்தால் மறுபக்கம் தொடங்கும். பஞ்சுபோன்ற தடித்த தாளை இரும்பு அடிமட்டத்தின் நேரான விளிம்பில் வைத்து மெதுவாகக் கிழிப்பாள். வெட்டினால் ஓரம் கூராக இருக்கும். கிழித்தால் மயிர் விட்டு நிற்கும். தாளைத் தண்ணீரால் நனைத்து, தூரிகை நுனியால் ஒரு சொட்டு ரோஸ் வைப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லை. நிறம் தானாகப் பரவும். போகவேண்டிய இடம் அதற்குத் தெரியும். இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இன்னொரு சொட்டு, பால் கலந்த ஊதா. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இதழ் ஒன்று விரியும். அவள் வரையாத இதழ். ஜன்னலில் வெயில் இறங்கிப் போகும். எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்திருக்கிறது. கடைசியில் கண்ணாடிபோன்ற தாள் ஒன்றை மேலே வைத்துப் பட்டு ரிப்பனால் கட்டினால், பூ மூடுபனிக்குப் பின்னால் நிற்கும்.

விமலாவுக்கு அவள் மேசைப்பங்காளி. மாதச் சந்தையில் ஒரு பாதியில் விமலாவின் சுடுமண் தோடுகள், மறுபாதியில் ரஞ்சினியின் அட்டைகள். விமலா மதுரைக்காரி, வாய் ஓயாது. ஒருநாள் வாங்க வந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னாள்: "வயசுக்கு வந்த பொண்ணுக்குக் குடுக்கணுமா, இவகிட்ட வாங்குங்க. பெரியவங்களுக்கு ஆகாது. அழுத்தமா ஒரு கலர் இவளுக்கு வராது." எல்லாரும் சிரித்தார்கள். ரஞ்சினி ஒன்றும் சொல்லாமல் அட்டைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ரிப்பன் பெட்டி விமலாவிடமே நின்றுவிட்டது. அதைக் கேட்டு இவளும் எடுக்கவில்லை, அவளும் அனுப்பவில்லை. மூன்று வருடம்.

சாவு வீட்டுக்கு அட்டை செய்வதில்லை என்று இதுவரை எல்லாரையும் தட்டிக்கழித்திருந்தாள். இதை மட்டும் செய்தாள். பன்னிரண்டு தாள் வீணானது. பதின்மூன்றாவதில் கொப்பு வந்தது, பூக்கள் பாதி கரைந்து கீழே போய்க்கொண்டிருந்தன. உள்ளே, "விமலா, கேள்விப்பட்டேன். ரஞ்சினி" என்று மட்டும் எழுதினாள்.

ஆறு அடித்து நாலு நிமிடத்தில் தபால் வான் வந்தது. இறங்கியவன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தான். அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். அந்த உறையைச் சுட்டிக்காட்டினாள்; மேலேயே கிடந்தது, வெளிறிய ரோஸ். அவன் பொறுமையாகக் கேட்டான். பெட்டிக்குள் விழுந்தபின் அது முகவரியில் இருப்பவருடையது என்றான். பையின் வாயைக் கட்டினான்.

விமலாவின் வீடு இருக்கும் டூங்காபிக்குக் காரில் பதினைந்து நிமிடம். வழியெல்லாம் பூக்கள் கார்க்கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தன. வைப்பரைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

விமலா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியில் சிறியதாகப் பொட்டு. ரஞ்சினி அதைப் பார்த்ததை விமலா பார்த்தாள்.

"இதைப் பத்திச் சொல்ல வந்தியா? சொல்லிக்கோ. ரெண்டு பேர் சொல்லிட்டாங்க."

"இல்லை. ஒரு கார்ட் போட்டனான். தபாலிலை."

"சரி."

"அதிலை மஞ்சள் தொட்டுப்போட்டன். வேணுமெண்டு இல்லை, விமலா. கை செய்திட்டுது. போட்டாப் பிறகுதான் கண்டனான். எடுக்கப் பாத்தன், அவன் தரமாட்டன் எண்டிட்டான். திங்களோ செவ்வாயோ வரும். திறவாதையுங்கோ. கிழிச்சு எறியுங்கோ."

விமலா அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். "கைல என்ன?"

"பெட்டிக்குள்ளை விட்டனான்."

"போஸ்ட் பாக்ஸ்லயா?"

"ஓம்."

விமலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரியச் சற்று நேரமானது. "உள்ள வாடி, லூசு."

கூடத்தில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் சுவரோடு நின்றன. நாகராஜனின் படத்துக்கு முன்னால் விளக்கு. விமலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்ன படம் போட்ட?"

"பூ."

"பிங்க்கா?"

"ஊதா. மெல்லிசா."

"அதானே பாத்தேன். சாவுக்குக்கூட உனக்கு அழுத்தமா ஒரு கலர் வராது."

ரஞ்சினி தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி இருந்தாள். எழும்பவில்லை.

"வராது" என்றாள்.

விமலா அழுதாள். ரஞ்சினி பக்கத்துக் கதிரைக்கு மாறி உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைச் சுற்றி வெளிச்சம் ஈரத்தாளில் பரவுவதுபோலப் பரவியிருந்தது.

"கிழிக்கமாட்டேன்" என்றாள் விமலா. "எனக்கு வர்றது. நான் பாத்துக்கறேன். அந்த மஞ்சள் எத்தனை நாள் நிக்கும்?"

"வெயில் பட்டால் போயிடும்."

"வெயில்ல வெக்கமாட்டேன்."

புறப்படும்போது விமலா உள்ளே போய் ரிப்பன் பெட்டியை எடுத்துவந்தாள். ரஞ்சினி அதைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு செருப்பைக் காலில் கொளுவினாள்.

"போயிட்டு வாறன்" என்றாள்.

சொன்னபிறகுதான் தெரிந்தது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேசாமல் இறங்கிவிட வேண்டும். முதலில் கை, இப்போது வாய். படியில் நின்றுவிட்டாள்.

விமலா கதவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டல்ல," என்றாள். "அப்ப வா."

மறுநாள் சனிக்கிழமை. தபால் இல்லை. ரஞ்சினி இரண்டு தரம் உடுப்புத் தோய்த்தாள். ரிப்பன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்று சுருளில் பூஞ்சணம் பிடித்திருந்தது, எறிந்தாள். மத்தியானம் சோறும் பயத்தங்காய்க் கறியும் சமைத்தாள். மூன்று மணிக்குப் பாதியை டப்பாவில் போட்டுக்கொண்டு டூங்காபிக்குப் போனாள். விமலா நித்திரை. அவளுடைய தம்பி கௌரிசங்கர் கதவைத் திறந்து டப்பாவை வாங்கி வைத்தார். திரும்பி வரும் வழியில் பெட்ரோல் அடித்தாள். ஆறு மணிக்கு மழை பெய்தது. அட்டை இன்னும் வழியில்தான் இருந்தது.