அம்மா சொல்லாத பெயர்

எங்கள் அம்மாவுக்கு வாரத்தில் ஆறு நாட்கள்தான். வியாழன் முடிந்தால் அடுத்து சனி. நடுவில் ஒரு நாள் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் ‘அம்மன் நாள்’ என்பாள். வெள்ளிக்கிழமை என்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வெள்ளாடு அவளுக்குக் கொம்பாடு. வெள்ளரிக்காய் நீர்க்காய். என் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசு, ‘வெளுத்த கொலுசு’. அப்பா வேண்டுமென்றே, “ஏனம்மணி, ஆத்துல என்ன வந்திருக்குது?” என்று கேட்பார். “தண்ணி பெருகியிருக்குதுங்க” என்று அவள் பதில் சொல்வாள். வெள்ளம் என்ற சொல்லும் அவளுக்கு ஆகாது. அப்பா சிரிப்பார், நாங்களும் சிரிப்போம்.

அப்பாவின் அப்பாவுக்குப் பெயர் வெள்ளியங்கிரி. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அம்மா கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குறைவதற்கு ஆயுசே மிச்சமில்லாத ஒருவருக்காக அவள் அத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தாள். எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் தாத்தா பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் என் அண்ணனும் வெள்ளியங்கிரிதான். பெற்று, பால் கொடுத்து, நடை பழக்கியவள் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அருகில் இருந்தால் ‘சாமி’ என்பாள். காட்டில் தூரமாக இருந்தால் பித்தளை வட்டிலைக் கரண்டியால் தட்டுவாள். அவனுக்கு ஏழு வருஷம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பேச்சு வந்ததும் வட்டிலுக்கு ஓய்வு கிடைத்தது. “அவனைக் கூப்புடு கண்ணு” என்பாள். நான் கிணற்று மேட்டில் ஏறி நின்று, தொண்டை கிழிய அண்ணன் பெயரைக் கத்துவேன். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் அம்மாவின் வாய் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயர் வந்த இடம் எங்கள் வாசலிலிருந்தே தெரியும். பேரூருக்கு மேற்கே எங்கள் ஊர். அதற்கும் மேற்கே வெள்ளியங்கிரி மலை. வெள்ளியால் ஆன மலை என்று பொருள். ஈசன் இருக்கும் கயிலாயமும் வெள்ளிமலை என்பதால் இதற்கும் அந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். மார்கழியில் வெள்ளை மேகம் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும். சித்திரையில் மூங்கில் தடி ஊன்றி மலையேறிப் பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் மலையின் பெயரையே வைத்தார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஐந்து பேர் இருந்தார்கள். கிணத்துக்காட்டு வெள்ளியங்கிரி, மொட்டை வெள்ளியங்கிரி, காது கேளாத வெள்ளியங்கிரி என்று அடையாளம் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் புரியும். அம்மா அந்த மலையையும் ‘மேக்கு மலை’ என்றே சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. அண்ணன் கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் அவன் பகுதியிலேயே நான்கு வெள்ளியங்கிரிகள். மேஸ்திரி இவனை ‘நாலாவது’ என்று கூப்பிட்டார். டவுனில் பிறந்து வளர்ந்த பையன்களின் பெயர்கள் வேறு மாதிரி இருந்தன. சேகர், மோகன், ரவி என்று வாய்க்குள் போட்டால் கரைந்துவிடும் பெயர்கள். அவர்கள் இவனை, “என்னப்பா, மலை எறங்கி வந்துருச்சா?” என்று கேலி செய்தார்களாம். பத்தொன்பது வயதுப் பையனுக்குச் சுருக்கென்று தைக்காதா? பெயர்ப் புத்தகம் புதிதாக எழுதியபோது, எழுதுகிறவரிடம் பேசி வேறு பெயர் கொடுத்துவிட்டான்.

பொங்கலுக்கு வந்தபோது இதை என்னிடம் மட்டும் சொன்னான். கரும்பைக் கடித்துக்கொண்டே, “அங்க எம்பேரு சந்திரன், அம்மணி” என்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீட்டில் ஒரு சந்திரன்! “அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாரு. அம்மாகிட்டயும் மூச்சு விடாதே” என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். நான் அன்று சிலேட்டில் சந்திரன் என்று எழுதி, யாரும் பார்ப்பதற்குள் எச்சில் தொட்டு அழித்தேன்.

மாசி மாதம், அப்பா எருதுகளை ஓட்டிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். ஒரு சாயங்காலம், டவுனுக்குப் பருத்தி ஏற்றிப் போய் வந்த எங்கள் ஊர் வண்டிக்காரர் வாசலில் நின்று, “ஏனுங்க, உங்க பையன் காய்ச்சலா ஆஸ்பத்திரியில கெடக்கறானாமுங்க. மில்லு கேட்டுல, உங்க ஊர்ப் பையன்னு சொன்னாங்க. காலையில மறுபடி லோடு இருக்குது, வாரீங்களா?” என்றார்.

அம்மா அன்றைக்கே கட்டுச்சோறு கட்டிவிட்டாள். “நீயும் வா கண்ணு. அங்க பேரு கேப்பாங்க” என்றாள்.

அண்ணனைச் சேர்த்தவர்கள் மில்லுக்காரர்கள். அவர்கள் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் எதிரில் நான் அதைச் சொல்ல வேண்டிவரும். பிறகு அப்பா காதுக்குப் போகும். காய்ச்சல்தானே, இரண்டு நாளில் எழுந்து வந்துவிடுவான் என்று என் பன்னிரண்டு வயசுப் புத்தி கணக்குப் போட்டது. வயிறு வலிக்கிறது என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “செரி, படுத்துக்க. நான் எப்படியோ சொல்லிக்கறேன்” என்றாள். விடியும் முன் வண்டியேறிப் போனாள்.

அன்று ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினாள். கட்டுச்சோறு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

“அண்ணன் எப்படி இருக்குதம்மா?”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். வண்டிக்காரர் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் பருத்தி இறக்கப் போய்விட்டார். தொற்றுக் காய்ச்சல்காரர்கள் இருக்கும் இடம். பெயர் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். “மேக்கு மலை பேருங்க” என்றாளாம். அங்கே எழுதுகிறவர் வெளியூர்க்காரர், அவருக்குப் புரியவில்லை. “பேரைச் சொல்லும்மா, பின்னால ஆளு நிக்குதில்ல” என்று சத்தம் போட்டிருக்கிறார்.

“அவன் பேரைச் சொல்லிப்போட்டேன் கண்ணு” என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பத்தொம்பது வருசமாச் சொல்லாத பேரை, அத்தனை பேருக்கு முன்னால வாயத் தொறந்து சொன்னேன். புஸ்தகத்தை மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுட்டாரு. பொழுது சாயற வரைக்கும் வேப்பமரத்தடியிலயே குந்தியிருந்தேன். சொல்லக் கூடாததைச் சொன்னனில்ல? அதுதான் எம்புள்ளையே இல்லாமப் போயிட்டான்.”

அதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷியே இல்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மேஸ்திரி, கேலி, புதுப் பெயர், சத்தியம், வயிற்றுவலி எதையும் மறைக்கவில்லை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

“சந்திரனா?” என்று கேட்டாள். பிறகு மெதுவாக, “இந்தப் பேரை நான் சொல்லலாமே கண்ணு” என்றாள்.

அந்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமனாருக்கும் சந்திரனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொங்கலன்று நான் சொல்லியிருந்தால், அவள் பெற்ற பிள்ளையை முதல்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்.

மறுநாள் அதே வண்டியில் இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் அம்மா உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்திரன். சந்திரா. “சந்திரான்னுதான கூப்புடோணும்?” என்று என்னிடம் கேட்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பேச விடவில்லை. தானே மேஜைக்கு முன்னால் போய் நின்று, “சந்திரனுங்க, மில்லுக்காரப் பையன்” என்றாள். எழுதுகிறவரின் விரல் புத்தகத்தில் வரிசையாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. முந்தின நாள் வந்தவள் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நேத்து மத்தியானம் மூணு மணிக்கும்மா” என்றார்.

மூன்று மணிக்கு அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த மரத்துக்கும் அவன் கிடந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

முகத்தைக் காட்டினார்கள். அம்மா கத்தவில்லை. பெயர் எதையும் சொல்லவும் இல்லை. கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தி, “சாமி” என்று மட்டும் சொன்னாள். நான்தான் அலறினேன்.

பிறகு புத்தகத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அம்மா விரலில் மை தடவியபடியே நிமிர்ந்து, “இதுல என்ன பேருங்க எழுதியிருக்குது?” என்று கேட்டாள். சந்திரன் என்றார்.

“அதுக்குப் பக்கத்துல வெள்ளியங்கிரின்னும் எழுதுங்க.”

அவர் தயங்கினார். அம்மா மறுபடியும், ஒவ்வொரு எழுத்தாக, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவர், ‘என்கிற வெள்ளியங்கிரி’ என்று எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள்.

சந்தையிலிருந்து திரும்பிய அப்பா பெயர் மாற்றிய விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை. அம்மாவும் கடைசிவரை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்போது எங்கள் ஊரில் வெள்ளியங்கிரி என்ற பெயரோடு ஒரு பிள்ளைகூட இல்லை. சந்திரன்கள் எத்தனையோ பேர் வந்து, அவர்களுக்கும் வயசாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். நான் தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. அம்மா சீயக்காயும் செம்புமாக நின்றிருந்தாள்.

“வா கண்ணு, தலைக்கு ஊத்திக்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றாள்.