அடுப்படியில் முடிந்த அரண்மனைப் பாதை

அவள் கணவரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறவைத்த பிறகும் கட்டைவிரல் நகம் மசியவில்லை. குதிகாலை மடியில் இடுக்கிக்கொண்டு நகவெட்டியை அழுத்தியபோது, பின்வாசல் வழியாக இரண்டு பேர் அடுப்படிக்குள் வந்து நின்றார்கள். முதுகில் பை, கையில் ஊன்றுகோல், முழங்கால் வரை சேறு.

"ஏரிக்கரை அரண்மனை இதுதானுங்களா? டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கூட வந்தவன் கொடியில் காயும் உள்பாவாடையையும் வெந்நீர்ப் பேசினையும் மாறி மாறிப் பார்த்தான். அரண்மனையில் இது எந்த அறை என்று யோசிப்பவன்போல் இருந்தது அவன் முகம்.

"அரண்மனையேதான். ராணி ராஜாவுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருக்கேன். டிக்கெட் வேணாம், ஷூவை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க" என்றாள் அவள்.

வந்தவர்கள் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். நகம் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மஞ்சள் குறியைப் பார்த்துத்தான் வந்தோம் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். சரியான வழியைக் காட்டி அவர்களை அனுப்பிவைத்தாள். அந்த வாரத்தில் இப்படி வந்தவர்கள் இவர்கள் மட்டுமல்ல. ஒரு கூட்டம் குழாயடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் நேரே உள்ளே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

அது மூன்று அரண்மனைகள் உள்ள மலை ஊர். ஏரிக்கரையில் ஒன்று, உச்சியில் வேட்டை மாளிகை, நடுவில் கூரை விழுந்த ராணி மாளிகை. ராஜாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் குதிரையில் போன பாதைகளில் இப்போது ஊர் ஊராக ஆட்கள் வந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு வழி தெரியப் பாறையிலும் மரத்திலும் மஞ்சள் வட்டம் போடுவது அவள் கணவரின் வேலை. நகராட்சிச் சம்பளம். சட்டைக் கையிலும் நகக்கண்ணிலும் எந்நேரமும் பெயின்ட் இருப்பதால் ஊரே அவரை மஞ்சள்காரர் என்றது. புதிதாக யாராவது அவரிடம் கால் கிலோ மஞ்சள்தூள் கேட்டால், "அது மளிகைக்கடை, நான் மலைக்கடை" என்பார்.

அந்த வட்டத்துக்குக் 'கண்' என்று பெயர். ஒரு கண்ணருகே நின்றால் அடுத்த கண் தெரியவேண்டும். போகிறவருக்கு ஒரு பக்கம், திரும்பி வருகிறவருக்கு மறுபக்கம் என்று இரண்டு பக்கமும் போடவேண்டும். மஞ்சள்காரர் வட்டம் போட்டதும் வழியும் பெயின்டைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் துடைப்பார். அதனால் அவர் போட்ட கண்ணுக்கெல்லாம் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும்.

மறுநாள் அவர் செங்குத்துப் பாதைக்குப் போகவேண்டும். மழையில் அங்கே கண்களெல்லாம் அழிந்துவிட்டன என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் காற்று. பூட்ஸுக்குள் நகம் குத்தக்கூடாது என்றுதான் அவள் வெட்ட உட்கார்ந்தது.

பேசினைக் கொட்டிவிட்டு நேரே நாத்தனார் கடைக்குப் போனாள். நாத்தனார் தெருமுனையில் டீ விற்பவள். நடக்க வருகிறவர்களை இந்தப் பக்கம் திருப்பினால் யாருக்கு லாபம்? கணக்கு சரியாகத்தான் வந்தது.

"அண்ணன் பெயின்டை எடுத்து உன் கடைக்கு வழி போட்டுக்கிட்டியா?"

"அண்ணி, உங்களுக்கு மூளை இருக்கா? என் கடைக்கு வழி போட்டா அவங்க ஏன் உங்க அடுப்படில வந்து நிக்கிறாங்க? நீங்க போடுற டீக்கா? அதைக் குடிச்சா வந்த வழியே ஓடிருவாங்க!"

நாத்தனார் சொன்னது நியாயம்.

"போய்ப் பாருங்க அண்ணி. உங்க வீட்டுக்குப் பின்னாடி இருந்துதான் இறங்கி வர்றாங்க" என்றாள் நாத்தனார், பாலை ஆற்றிக்கொண்டே.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிச் சரிவு உண்டு. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். குழாயடியில் குறி இல்லை. கோழிக்கூண்டருகே இல்லை. பாறைகளில் இல்லை. நடக்க வருகிற கூட்டத்துக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று திட்டிக்கொண்டே, வேட்டை மாளிகையிலிருந்து இறங்கும் பாதை இரண்டாகப் பிரிகிற பிளந்த பாறை வரை வந்துவிட்டாள். இடது பக்கம் ஏரிக்கரை. வலது பக்கம் அவள் ஏறி வந்த சரிவு. மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பிக் கீழே பார்த்தாள்.

தூக்கிவாரிப்போட்டது.

சரிவு முழுக்க மஞ்சள் கண்கள். ஒவ்வொரு பாறையின் மேல்பக்கமும், ஒவ்வொரு மரத்தின் மேல்பக்கமும், கோழிக்கூண்டின் பின்பலகையும் அவளையே பார்த்தன. ஒன்றில் நின்றால் அடுத்தது தெரிகிற வரிசை, துளி பிசகில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் தட்டை. ஏறுகிறவருக்கு ஒன்றுகூட இல்லை. இறங்கி வருகிறவருக்கு மட்டும்.

போகிற பக்கத்தை அவர் மறக்கிற ஆள் இல்லை. போக அவருக்குக் குறி வேண்டியிருக்கவில்லை, வீடு வந்து சேரத்தான் வேண்டியிருந்தது.

அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓய்வு பெறும்வரை முதியோர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள். நினைவு தப்பியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த கை. ஒருவர் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்தே தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே பாயில் படுக்கிறவர் நிலைமை தெரியவில்லை. முடிதிருத்துபவரை வீட்டுக்கே வரச்சொன்னபோது சோம்பல் என்றாள். சீட்டாடப் போவதை நிறுத்தியபோது, அப்பாடா, திருந்திவிட்டார் என்றாள்.

இறங்கி வந்து, வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். நகராட்சிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல். இவர்கள் நிலைக்காலில் மட்டும் கை படும் உயரத்தில் ஒரு சின்னக் கண். அதோடு விட்டதா என்றால் இல்லை. உள்ளே, படுக்கையறையிலிருந்து பார்த்தால் தெரிகிறமாதிரி, குளியலறைக் கதவின் மூலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று. தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறாள். அழுக்கு என்று நினைத்து ஒருநாள் தேய்த்துக்கூடப் பார்த்திருக்கிறாள்.

மஞ்சள்காரர் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "மழைக்கு முன்னாடி. பிளந்த பாறைகிட்ட நின்னேன், இடதா வலதான்னு தெரியல. சும்மா மறதின்னு விட்டுட்டேன். அப்புறம் ஒருநாள் நம்ம வரிசைக்கே வந்துட்டு எந்த வீடுன்னு தெரியல. தையல்காரம்மா வீட்டுக்குள்ள போயிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"காபி குடுத்தா."

"நீங்க?"

"குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீ வேலை பார்த்தப்ப ராத்திரி சாப்பிடும்போது தினமும் கதை சொல்லுவ. இன்னைக்கு இவரு தட்டுல கை கழுவினாரு, அவருக்குப் பேரே தெரியல, கதவைப் பூட்டி வெச்சோம்னு. நான் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்."

கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. சொன்ன கதை ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த முதியவர்களைப்போல் குரலை மாற்றி நடித்துக் காட்டியதும் நினைவிருந்தது.

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். "சரி. நாளைக்குச் செங்குத்துப் பாதைக்கு எப்படிப் போவீங்க?"

"அதுல என்ன? கண்ணைப் பார்த்துக்கிட்டே போயிருவேன்."

"அங்க கண்ணெல்லாம் அழிஞ்சதாலதானே உங்களை அனுப்புறாங்க!"

கயிறு கோத்த கை அப்படியே நின்றது. அவர் இதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்து, கண் அவளையும் தாண்டி எங்கோ போயிற்று. பிறகு பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாட்டியும், நான் தப்பா போட்டா பின்னாடி வர்றவன் நேரா விளிம்புக்குப் போயிருவான்" என்றார். "நீயே போய் ஆபீஸ்ல சொல்லிரு. என்னால சொல்ல முடியாது."

மறுநாள் காலை அலுவலகக் கதவு திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். மேற்பார்வையாளர் சாவியைப் போடும்போதே சொல்ல ஆரம்பித்து, அவர் உட்காருவதற்குள் முடித்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றீங்க? அவர் போட்ட கண்ணுல இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பு கிடையாதே!"

"தப்பில்லாம போட்டதாலதான் சார், நடக்க வர்றவங்க எல்லாரும் தப்பாம என் அடுப்படிக்கு வர்றாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். செங்குத்துப் பாதைக்கு வேறு இரண்டு பேரை அனுப்பினார். மஞ்சள்காரருக்கு இனி ஏரிக்கரைத் தோட்டப் பாதைதான், அதுவும் துணையோடு. மருத்துவரைப் பார்க்க அவள் அங்கிருந்தே போன் போட்டு நாள் வாங்கினாள். பூங்கா பெஞ்சுகளுக்கு அடித்துவிட்டு மிஞ்சிய நீல பெயின்ட் ஒரு டப்பா மூலையில் இருந்தது. கேட்டு எடுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறுவதற்குள் இருவரும் பிளந்த பாறைக்குப் போனார்கள்.

"இனிமே மஞ்சள் ஊருக்கு, நீலம் நமக்கு" என்று சொல்லிவிட்டு, வலது பக்கத்து முதல் கண்மேல் அவள் தூரிகையைத் தோய்த்து அப்பினாள்.

"ஏய், ஏய்! மஞ்சள் மேல நீலத்தை அப்பினா பச்சையால்ல தெரியும்? முதல்ல சுரண்டணும். இத்தனை வருஷம் என்கூட இருந்து இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"உங்களுக்கு வெந்நீர் போடத் தெரியுமா? அந்த மாதிரிதான் இதுவும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பையிலிருந்து சுரண்டியை எடுத்துப் பாறைமுன் குந்தினார். அவர் சுரண்டிக்கொண்டு முன்னால் இறங்க, அவள் நீலத்தைப் பூசிக்கொண்டு பின்னால் இறங்கினாள். நாத்தனார் தூக்கில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், அவளும் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் குழாயடி வரை வந்துவிட்டார்கள்.