வீட்டில் என்ன கறி என்று கேட்ட டொக்டர்

இறக்கக்கண்டிக் கிளினிக்கில் குழந்தைகளின் எடையை நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. கிண்ணியாவிலிருந்து டொக்டர் சபீனாவின் தங்கை. "மிஸ், ராத்தா காலையில மௌத்தாகிட்டா. நித்திரையிலயே போயிட்டா. ஒரு நோவும் இல்ல."

அவருடைய புற்றுநோயின் கடைசி நாட்களை நினைத்து நாங்கள் எல்லோருமே பயந்திருந்தோம். அவர் நோகாமல் போனார் என்றதும், அழுகைக்கு முன்னால் எனக்கு ஆறுதல்தான் வந்தது.

நான் இந்தப் பகுதியின் மருத்துவமாது; தாய்மாரின் பிரசவத்தையும் பிள்ளைகளின் வளர்ச்சியையும் கவனிப்பவள். அவர் எங்கள் வைத்திய அதிகாரியாக இருந்தவர். இரத்தம் குறைந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு மீன் கொடு, ஈரல் கொடு என்று அவர் சொல்லமாட்டார். "நேற்று வீட்ட என்ன கறி?" என்று கேட்பார்.

பல வருடங்களுக்கு முன் விஜியிடமும் அப்படித்தான் கேட்டார். கடற்தொழிலாளியின் மனைவியான விஜி, மூன்று வயது மகள் துளசியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை மண் தின்றாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

"சோறும் தேங்காய்ச் சம்பலும், டொக்டர். பிளேன்ரீ குடுப்பன்."

"அவர் கடலுக்குப் போறவர்தானே?"

"ஓம். நல்ல மீனெல்லாம் ஹோட்டலுகளுக்குப் போயிடும். வித்தாத்தான் அரிசி."

டொக்டர் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும். ரத்தம் ஏத்தாட்டி இதயம் தாங்காது."

"ஏலாது டொக்டர். அவரும் கடல்ல. நான் வாட்டில நிண்டா மற்ற ரெண்டுக்கும் ஆர் சோறு குடுக்கிறது?"

"நான் குடுக்கிறன், தங்கச்சி. ரெண்டு பேரையும் என்ர வீட்ட கூட்டிக்கொண்டு போறன்."

சொன்னபடியே கூட்டிப்போனார். துளசி வீடு திரும்பும்வரை அவர்கள் டொக்டரின் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்கள். இரத்தம் ஏற்றிய மறுநாள் நானும் டொக்டரும் வாட்டுக்குப் போனோம். துளசி கட்டிலில் எழுந்து நின்று, பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கற்றைப் பறித்துக்கொண்டிருந்தாள். விஜி அழுதுகொண்டே சிரித்தார். டொக்டர் தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ். நான் நல்லாப் பயந்திட்டன், மிஸ்."

அதோடு அவர் விடவில்லை. "வசதியான வீட்டுப் பிள்ளையெண்டா சுகமாகிப் போயிடும். இவள் திரும்பியும் அந்தச் சோத்துக்கும் சம்பலுக்கும்தானே போறாள்" என்றார். மீன் முதலாளிமாரிடம் போய், "உங்கட பேரப்பிள்ளையள் தின்னுற மீன் இந்தப் பிள்ளையளுக்கும் வேணும்" என்று கேட்டார். சிரித்தார்கள். அடுத்த கிழமையும் போனார், அதற்கடுத்த கிழமையும். கடைசியில் ஒருவர் இசைந்தார், பிறகு மற்றவர்களும். பாலர் பாடசாலையின் மத்தியானச் சோற்றில் இன்றும் மீன் இருக்கிறது. வெளிறிய பிள்ளைகள் இன்னும் வரத்தான் செய்கிறார்கள். ஆனாலும் துளசியைப் போல ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

விஜியோடும் இப்போது பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடும் துளசியோடும் கிண்ணியாவுக்குப் போய் டொக்டரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். வலியின் சுவடே இல்லை. திரும்பும் வழியில், பாலத்தடியில் பிள்ளைகள் கூச்சலிட்டபடி தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வாகனத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சென்று வாருங்கள், டொக்டர். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.