விஜயராணி லென்ஸ் போட்ட கதை

தாராவியில் விஜயராணியின் இட்லியைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குறையெல்லாம் அவள் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியில்தான். மைனஸ் ஆறு பவர். இட்லி அவிக்கிற கொப்பரை மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று அடித்து, கண்ணாடி வெள்ளையாகிவிடும். கழற்றினாலோ தட்டு எது, கை எது என்று தெரியாது. இருபது வருஷமாகக் குத்துமதிப்பாகவே தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்தக் குத்துமதிப்பு தப்பிப்போய், கை முழங்கை வரை வெந்துவிட்டது. சயான் வரை சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிற புருஷன் கோமதிநாயகம் ஒரே பிடியாக நின்றான்.

"ஏட்டி, பேசாம இந்தத் தொழில விட்டுருவோம். நான் எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்."

விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு சைக்கிள் மிதிக்க வலிக்கிறது, சாக்குக்கு என் கை கிடைத்தது என்று நினைத்தாள். கொப்பரையை விட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? கை ஆறியதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய், கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் கேட்டாள்.

"ஆவியில உருகி முழியோட ஒட்டிக்கிடும் தாயி" என்று துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பேராச்சி அரண்டாள். கடையில் லென்ஸ் போடச் சொல்லித்தரும் ஷரீஃபுன்னிசா சிரித்தாள்.

"அதெல்லாம் உருகாதுக்கா. தூங்குறப்பவும் குளிக்கிறப்பவும் கழட்டிடணும், அவ்வளவுதான். ஆனா நீங்களே போட்டு, நீங்களே கழட்டிக் காட்டினாத்தான் வீட்டுக்குக் குடுப்பேன்."

அதில்தான் வினை வந்தது. லென்ஸ் கண் வரைக்கும் போகும். விரலிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும். முதல் நாள் பதினோரு தடவை. இரண்டாம் நாளும் அதே கதை. கண் சிவந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஷரீஃபுன்னிசா அவள் கண்ணை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரே அக்கா! கை துடைச்சப்புறம் எதுக்கு குடிக்க வச்ச டம்ளர்ல விரல முக்குறீங்க? குடிக்கிற தண்ணி லென்ஸ்ல படவே கூடாது, கண்ணு கெட்டுப்போயிரும்!"

"நானா? முக்கினேனா?"

முக்கியிருக்கிறாள், தனக்கே தெரியாமல். வெந்த இட்லியைத் தொடுமுன் விரலை நனைத்துக்கொண்டால்தான் அது கையில் ஒட்டாது. இருபது வருஷப் பழக்கம். மெத்தென்று எதைக் கண்டாலும் விரல் தானாகத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. லென்ஸின் குணமோ நேர்மாறு. ஈரம் எங்கே அதிகமோ அங்கேதான் ஒட்டும். ஈர விரலைக் கண்டால் அது கண்ணை மறந்துவிடும்.

டம்ளரைத் தூர நகர்த்தினார்கள். விஜயராணி விரலைக் காயத் துடைத்து, புது லென்ஸை எடுத்து வைத்தாள். கண்ணில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

"அடச் சீ, இதுக்கா மூணு நாளு!" என்றவள், கழற்றியும் காட்டினாள்.

மறுநாள் காலை லென்ஸோடு கொப்பரை மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்துக் கலைந்தது. தட்டு தெரிந்தது, குழி குழியாக இட்லி தெரிந்தது. அதற்கு அப்பால் கோமதிநாயகமும் தெரிந்தான். இந்நேரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனோ சுவரோடு ஒட்டி, பல்லைக் கடித்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றான்.

"ஒன் கை வெந்துருமோன்னு பயந்து தெனமும் இப்பிடித்தான் நிக்காரு" என்றாள், இட்லி வாங்க வந்த பேராச்சி. "மூடியத் தொறந்தா ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

விஜயராணிக்கு இந்த மனுஷனைப் போய்ச் சோம்பேறி என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. தட்டைப் பத்திரமாக இறக்கி வைத்தாள்.

"ஏங்க, கண்ணத் தொறங்க. எனக்கு நல்லாத் தெரியுது."