மீன் பெட்டியில் வந்த தேசி இலை

லேப் கதவைத் திறந்ததும் சூரை மீன் வாசம்... அதற்குள்ளே மெல்லிசாகத் தேசி இலை வாசம். ஒலுவில் கெம்பஸில் பைனல் இயர் படித்த காலத்தை நினைத்தாலே எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது இதுதான்.

என் ப்ரொஜெக்ட், எங்கள் ஊரில் தேசி என்கிற எலுமிச்சை மரத்தைத் தாக்கும் வைரஸ். வரிப்பத்தான்சேனையில் மாமாவின் தேசித் தோட்டம் மரம் மரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். மாமாவுக்கு வெறுத்துப்போய்விட்டது.

"மகள், வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் புறகு பெக்கோ மெசின் வருது. எல்லாத்தையும் புடுங்கிப்போட்டு நெல்லு விதைக்கப் போறன்."

"பொறுங்க மாமா. எந்த மரத்துல நோய் இரிக்கி, எதுல இல்லண்டு நான் பாத்துச் சொல்றன்."

எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்...

இந்த வைரஸின் மரபணு ஒரு நீளமான ஆர்.என்.ஏ இழை. மருதமுனைத் தறியில் ஓடும் நூல் மாதிரி. இலை சூட்டில் வாடினால் அதுவும் துண்டு துண்டாகிவிடும். நானோ இலையைப் பறித்து, பேக்கில் திணித்து, இரண்டு பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்து வருவேன். வைரஸ் இருந்தால் ஜெல் சோதனையில் கோடு விழ வேண்டும்; எனக்கு ஒரு கோடும் விழாது. மூன்று தடவை! கருகிப்போன மரத்தின் இலையில்கூட ஒன்றுமில்லை. அப்போதுதான் பிடிபட்டது. பிழை பஸ் பயணத்தில்.

புதன்கிழமை காலை. உம்மா வாசலில் சலீம் காக்காவிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். காக்கா சாய்ந்தமருதில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வரிப்பத்தான்சேனை போன்ற வயல் ஊர்களுக்கெல்லாம் போய் விற்கிறவர். நான் மீனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தேன்.

"காக்கா, திரும்பி வரக்குள்ள மாமாட தேசி இலைய ஐஸுல வெச்சுக் கொண்டு வருவீங்களா?"

"மீன் விக்கிறவன் இலை கொண்டு வந்தாச் சனம் சிரிக்கும் புள்ள!"

சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்தார், லேப் வாசல் வரைக்கும். மரத்துக்கு ஒரு பை, பைக்கு ஒரு இலக்கம். மாமாவின் கோழிக்கிறுக்கல் எழுத்து.

வியாழன் பின்னேரம் ஜெல்லில் பளிச்சென்று கோடுகள்! கத்தியே விட்டேன். ஆனால் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணியது, கோடு விழாத மரங்களை... ஒன்பது!

"மாமா, ஒம்பது மரத்துல நோய் இல்ல! அதுகளத் தொட வேணாம்!"

மாமா போனிலேயே "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதார். நானும் அழுதேன், சந்தோஷம் தாங்காமல்.

வெள்ளிக்கிழமை பெக்கோ வந்து நோய் மரங்களை மட்டும் பிடுங்கியது. அந்த இடத்தில் மாமா மிஞ்சிய ஒன்பது மரத்தின் கன்றுகளை நட்டார். பிறகு எங்கள் வைரஸின் மரபணு எழுத்துகளைப் படித்து, அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று உறவுப் படம் வரைந்தேன். வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் ஒரு கிளை நுனியில் "வரிப்பத்தான்சேனை" என்று எழுதியபோது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இப்போது நான் வேலை செய்யும் லேபில் மைனஸ் எண்பது ஃப்ரீசர் இருக்கிறது. சாம்பிள் எல்லாம் கூரியரில் வரும். ஒரு வாசமும் கிடையாது. வசதிதான்... ஆனாலும் அந்த வியாழக்கிழமை மாதிரி நான் இன்னும் ஒரு தடவை கத்தவில்லை.

போன கிழமை ஊருக்குப் போனேன். சலீம் காக்கா மீனை நிறுத்துத் தந்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நிறையத் தேசிக்காய் அள்ளிப் போட்டார்.

"இது சும்மா புள்ள. உன்ட ஒம்பது மரத்துட புள்ளைகள் காய்ச்சது."