தேருக்கு வந்த பிள்ளைகள்

ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையில் சாக்பீஸ் கீறும்போது ஒரு 'கிரீச்' எழும், பல் கூசிப்போகும். எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கியது. பலகையின் வலது மூலையில் டீச்சர் இரண்டு எண்களை எழுதுவாள். மேலே 'பதிவு', அதாவது ரெஜிஸ்டரில் பெயர் இருக்கும் பிள்ளைகள். கீழே 'வருகை', அதாவது அன்றைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அந்த வருடம் மேல் எண் அசையாமல் நிற்க, கீழ் எண் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. அதை எழுதும்போது டீச்சரின் கை சற்று நின்று நின்று போவதை நான் மட்டும் கவனிப்பேன், ஏனென்றால் அந்த டீச்சர் என் அம்மா.

அது ஒரு சின்ன உதவிபெறும் பள்ளிக்கூடம். நான்கு டீச்சர்கள், கடைசியாகச் சேர்ந்தவள் அம்மா. வகுப்பில் நானும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் கைகால் கழுவிய பிறகுதான் எனக்கு அம்மா கிடைப்பாள்.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெருவுக்கே தெரியும். தறி ஓடாத வீட்டுக்காரர்களும் கூலி வேலை குறைந்தவர்களும் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் பக்கத்திலேயே ராஜபாளையத்து மில்களுக்கு, மற்றவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. 'ரெண்டு மாசம் பாத்துட்டு வந்துருவோம்' என்று அடுத்த வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதால் யாரும் பிள்ளைக்கு டி.சி. வாங்கவில்லை. ஆள் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஷிப்டுக்குப் பஸ்ஸில் போய்வருகிற அவர் தினமும் கொண்டுவந்த செய்தி இதற்கு நேர் எதிரானது. சேத்தூரிலிருந்தும் ஆலங்குளத்துப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள், வாடகைக்கு வீடு இல்லை, மில்லுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு நடக்கிறது என்பார். "ஆளு எங்க இருக்கோ அங்கதான் சோறு இருக்கும். நாமளும் போயிருவோம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். எட்டு வருடம் காத்திருந்து வாங்கிய வேலை அது. அவளுடைய நியமனத்துக்கு அரசாங்க அங்கீகாரம் இன்னும் வரவில்லை. பிள்ளைகளின் 'ஸ்ட்ரென்த்' குறைந்தால் ஒரு போஸ்ட் போகும். போனால் கடைசியாகச் சேர்ந்தவள்தான் வெளியே போக வேண்டும்.

ஆடி மாதம் செய்தி வந்தது. ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அதிகாரி, வந்து தலை எண்ணப் போகிறார், அதுவும் ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள். எங்கள் தலைமையாசிரியரை நாங்கள் 'பெரிய சார்' என்போம். தொண்டை அதிராமல் பேசுகிற, யாரையும் அடிக்காத மனிதர். அந்த நாளைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததாம். தேருக்கு ஊர்க்காரன் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான் அல்லவா. தேரன்று சாயங்காலம் அவரும் அம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பூட்டுத் திறந்திருந்த வீடுகளிலெல்லாம் நின்று, நாளைக்கு ஒரே ஒரு நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. வழியில் அவள் தயங்கி நின்றபோது பெரிய சார் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "பேரு ரெஜிஸ்டர்ல இருக்கு, ஆளு பெஞ்சில இருக்கப் போகுது. இதுல எதும்மா பொய்யி?"

மறுநாள் காலை, நாங்கள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மாரீஸ்வரியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அம்மா பேச்சியம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாரீஸ்வரி மூன்றாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சித்திரையில் திருப்பூர் போனவள், இப்போது நெஞ்சில் ஆங்கில எழுத்துப் போட்ட மஞ்சள் பனியன் உடுத்தியிருந்தாள். பேச்சியம்மாள் வந்தது பிள்ளையை உட்காரவைக்க அல்ல, டி.சி. வாங்க. அங்கே டி.சி. இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், இரண்டு மாதமாகப் பிள்ளை சும்மா இருக்கிறது, கம்பெனியில் பனியனுக்கு நூல் பிசிறு வெட்ட அனுப்பு என்று அவள் வீட்டுக்காரர் நெருக்குகிறார். சாயங்காலம் பஸ் ஏற வேண்டும், கம்பெனியில் அதற்கு மேல் லீவு கிடையாது. பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லி, இதையெல்லாம் தாழ்ந்த குரலில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "படிக்கிற புள்ள டீச்சர். ஒங்களுக்கே தெரியும்" என்றாள்.

அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பெரிய சார் போட்ட கணக்கில் ஒரு தலைகூட மிச்சம் இல்லை என்பதும் தெரியும். மாரீஸ்வரியின் பெயரை இப்போது அடித்தால் அது அம்மாவின் பெயரை அடிப்பதுதான். அவள் பேச்சியம்மாளின் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் ஒக்காரட்டும் அக்கா. சாயங்காலம் நானே எழுதி வாங்கித் தாரேன்."

மாரீஸ்வரிக்கு வர மனமில்லை. தேரடியில் ராட்டினம் கழற்றுவதற்குள் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்று நின்றாள். அவளை இழுத்தது நான்தான். "ஏட்டி, ஒரு நாளுதான. பழைய மாதிரி ஒண்ணா ஒக்காரலாம் வா" என்றேன். என்னுடைய இன்னொரு யூனிபார்மைக் கொடுத்தேன். பாவாடை அவளுக்குத் தளர்ந்து நின்றது. அம்மா ஊக்குக் குத்திச் சரிசெய்தாள்.

அன்று வகுப்பு நிறைந்திருந்தது. பலகையில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றாக இருந்ததை அந்த வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். ஏ.இ.ஓ. ஒல்லியான மனிதர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எழுந்தவர் முகத்தைப் பார்த்து, பிறகுதான் பென்சிலால் புள்ளி வைத்தார். தேருக்கு வந்த ஏழு பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் எழும்போதும் அம்மா சுவரைப் பார்த்தாள். மாரீஸ்வரி எழுந்ததும் அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது நாலாம் வகுப்புப் புத்தகம், அவள் அதை அதற்குமுன் தொட்டதே இல்லை. அவள் நிறுத்தாமல், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டு, ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாள்.

"தெனமும் வாரியாம்மா?" என்று ஏ.இ.ஓ. கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை மெல்ல அசைத்தேன். "வாரேன் சார்" என்றாள். அவர் புள்ளி வைத்தார்.

சாயங்காலம் ஏ.இ.ஓ. கிளம்பியதும் அம்மா பெரிய சாரின் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அங்கீகார ஆர்டர் கைக்கு வரும்வரை ஒரு டி.சி.யும் கொடுக்க முடியாது, சந்தேகம் வந்தால் திரும்பவும் வந்து பார்ப்பார்கள், அப்போது போவது உன் போஸ்ட் மட்டுமல்ல, எல்லாருடைய தலையும்தான் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா ஒருமுறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தபாலில் அனுப்பி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு விலாசம் வாங்கி வா என்றாள். அம்மா என்னோடு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. தேருக்கு வந்த ஊர் முழுவதும் மூட்டையும் பிள்ளையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மதுரை பஸ்ஸுக்கும் திருப்பூர் பஸ்ஸுக்கும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். மாரீஸ்வரி என் யூனிபார்மோடுதான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் கீழே இறங்கி வந்து என் செய்தியைக் கேட்டாள். பிறகு, "டீச்சரு சொன்னாச் சரிதான். அவிய மறக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சீட்டில் விலாசம் எழுதி வாங்கித் தந்தாள்.

அம்மா மறக்கவில்லை. ஆர்டர் தைமாதம் வந்தது. வந்த அன்றே பெரிய சாரிடம் டி.சி. எழுதி வாங்கி, தபாலாபீசுக்கு அவளே நடந்துபோய் அனுப்பினாள். மூன்று வாரத்தில் அந்தக் கவர், விலாசதாரர் அங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவர்கள் வேறு லைன் வீட்டுக்கு மாறிப்போயிருந்தார்கள். அடுத்த ஆடிக்குத் தேர் பார்க்கப் பேச்சியம்மாள் மட்டும் வந்தாள். பிள்ளை கம்பெனியில் இருக்கிறது, லீவு இல்லை என்றாள். அம்மா கவரை நீட்டினாள். இனி இது எதற்கு டீச்சர் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை மறுக்கக் கூடாது என்பதற்காக வாங்கிக்கொண்டாள்.

அந்த போஸ்ட் அம்மாவுக்கு நிலைத்தது, பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்களும் ராஜபாளையத்துக்குக் குடிபோனோம். அம்மாவுக்கு அங்கே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஒரு பெஞ்சில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பு. யாராவது டி.சி. கேட்டு வந்தால் அவர்களை மறுநாள் வரச் சொல்லக் கூடாது என்று அவள் அங்கிருந்த தலைமையாசிரியரோடு சண்டை போடுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பழைய பள்ளி இருந்த இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன. அந்தத் தெருவில் என்னோடு படித்த முப்பது பேரில் இன்னும் அங்கேயே இருப்பவர்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததே தெரியாது.

போன ஆடிப்பூரத்துக்கு நான் தேர் பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாரீஸ்வரி. காதோரம் நரை; பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள். பேச்சு எங்கெங்கோ போய்ப் படிப்பில் வந்து நின்றது. "அந்த ஊரு ஸ்கூல்ல என்னயச் சேக்கல பாத்தியா. எனக்குப் படிப்பு ஏறாதுன்னு கண்டுபிடிச்சிட்டாவன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சிட்டு இருக்கேன்" என்று சிரித்தாள். டி.சி. பற்றி அவள் அம்மா ஒரு சொல்கூட அவளிடம் சொல்லவில்லை.

நான் சொன்னேன். பெரிய சாரின் அறை, அம்மா ஒருமுறை மட்டும் கேட்டது, திரும்பி வந்த கவர், எல்லாவற்றையும் தேர்க்கூட்டத்தின் நடுவே நின்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மகளின் தோளில் கை வைத்திருந்தாள். பிறகு, "டீச்சர் நல்லாருக்காவளா?" என்றாள். இருக்கிறாள், முட்டுவலிதான் என்றேன். "என்னயப் பாத்தேன்னு மட்டும் அவியட்டச் சொல்லு. இதையெல்லாம் பேசினோம்னு சொல்லாத."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். மாரீஸ்வரியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்று. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை.

"டி.சி.யப் பத்தி ஏதும் கேட்டாளா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன்.