பாட்டின் நடுவே பேசும் இடம்

தெற்கு லண்டனில் ஒரு தகனசாலையில் சப்பல் அட்டெண்டன்டாக, அதாவது இறுதிச் சடங்கு நடக்கும் மண்டபத்தின் உதவியாளனாக, பல வருடம் இருந்தேன். கதவு திறப்பது, பூக்களை எடுத்து வைப்பது, கேட்ட பாட்டைப் போடுவது, கடைசியில் பட்டனை அமத்திப் பெட்டிக்கு முன்னால் திரையை மூடுவது. இதுதான் வேலை. பாட்டுப் போடுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று முதல் இரண்டு மாதமும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் மாதம் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த செல்வரட்ணம் ஐயாவின் மனைவி இறந்துபோனார். மகள் போனில் பாட்டின் பெயரைத் தந்தாள்.

"பழைய அமெரிக்கன் கன்ட்ரி சோங், அங்கிள். அம்மாவும் அப்பாவும் கொழும்பில இருக்கேக்க ரேடியோவில கேட்டதாம்."

கம்ப்யூட்டரில் பெயரை அடித்தேன். முதலாவதாக வந்ததைத் தட்டினேன். கிட்டார் கேட்டது, ஒருவன் பாடத் தொடங்கினான். சரி, இதுதான் என்று பத்து செக்கனில் நிறுத்திவிட்டேன்.

சடங்கு நாளன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஐயா தனியே உள்ளே வந்தார்.

"தம்பி, அந்தப் பாட்டில நடுவில பாடுறதை விட்டிட்டு அவன் சும்மா கதைப்பான். அந்த இடம் வந்தா நாங்கள் ரெண்டு பேரும் வாய் திறக்க மாட்டம். இண்டைக்கு அதிலதான் நான் இவவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லப்போறன்."

"ஓம் ஐயா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். முந்திய குடும்பத்தின் பூக்களைத் தூக்கிக்கொண்டே சொன்னேன்.

தேவாரம் முடிந்தது. ஐயா பெட்டியில் கை வைத்து நின்றார். பாட்டுத் தொடங்கி அரை நிமிடத்தில் ட்ரம்ஸ் விழுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதே பாட்டுத்தான், ஆனால் இந்தக் காலத்துப் பாடகன் ஒருவன் திருப்பிப் பாடியது.

பழைய கன்ட்ரியில் பாடுகிறவன் அவசரப்பட மாட்டான். பின்னால் ஒரு ஸ்டீல் கிட்டார் அழுகிற மாதிரி இழுக்கும். துக்கம் தாங்காத இடத்தில் ராகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பேசுவான். இந்தப் புதியவன் அதே இடத்தில் குரலை உயர்த்தினான், கைதட்டும் தாளம் வைத்தான். கார் ஓட்டும்போது கேட்க நல்லாய்த்தான் இருந்திருக்கும்.

நடுவில் நிறுத்தினால் இன்னும் கேவலம் என்று பயந்து நின்றேன். சத்தம் கொஞ்சம் தணியும்போதெல்லாம் ஐயாவின் வாய் லேசாகத் திறந்தது. மறுபடி ட்ரம்ஸ் வந்தது. பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த பெட்டி வெளியே காத்திருந்தது. மகள் அவரின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பட்டனை அமத்தினேன்.

வெளியே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த இடம் வரும், வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிட்டன், தம்பி" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சாம்பல் எடுக்க வருவதற்குள் பழைய பாட்டைத் தேடிப் பிடித்து, முழுவதையும் கேட்டு வைத்திருந்தேன். வந்த அன்று, யாரும் இல்லாத சப்பலில் போட்டேன். நடுவில் பேச்சு வந்தது. ஐயா பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனி ஆருக்குச் சொல்லுறது? நிப்பாட்டுங்கோ, தம்பி."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். எந்த இடத்துக்காக அதைக் கேட்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஐயா நான் விசாரிக்காமலே சொன்னவர். நான்தான் பூத் தூக்கிக்கொண்டு நின்றேன்.